மத்திய மாகாணம் என்று ஒரு வானம் இல்லை

மத்திய, சப்ரகமுவ மாகாணங்களில் மழை பெய்யக்கூடும். சில இடங்களில் பலத்த மழை எதிர்பார்க்கப்படுகிறது. இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. பத்திரிகை அலுவலகங்களில் இரவுக் கடமையில் இருந்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தின் அடியில் இரண்டு அங்குலம் மிஞ்சிவிட்டால் அதை நிரப்புவதற்கு வானிலையைப் போல வசதியான சரக்கு வேறில்லை. நேற்றைய வாக்கியத்தில் ஒரு மாகாணத்தைக் கூட்டினால் அல்லது குறைத்தால் இன்றைய வாக்கியம் தயார். அது பொய்த்துப்போனது என்று எந்த வாசகரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. பொய்த்துப்போவதற்கு அந்த வாக்கியத்தில் ஏதாவது சொல்லப்பட்டிருக்க வேண்டுமல்லவா?

வளிமண்டலவியல் திணைக்களத்தைக் கேலி செய்வது நமது நாட்டில் ஒரு தேசியப் பொழுதுபோக்கு. மழை என்று அறிவித்தால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்ற பகிடி எனது பாடசாலைக் காலத்திலேயே பழசாகிவிட்டிருந்தது. அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. எதிர்வுகூறல் தவறாக இருக்கிறது என்பது எனது முறைப்பாடு அன்று. தவறாகவே போக முடியாத விதத்தில் அது எழுதப்படுகிறது என்பதே எனது முறைப்பாடு. மத்திய மாகாணத்தில் எங்கோ ஒரு மூலையில் மழை பெய்தே தீரும். சொன்னவர் தப்பித்துக்கொள்கிறார். கேட்டவர்தான் நனைகிறார்.

இதை நன்றாக உணர வேண்டுமானால் மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டும். மோட்டார் வாகனத்தில் போகிறவருக்கு மழை என்பது கண்ணாடிக்கு வெளியே நடக்கும் ஒரு காட்சி. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அது கையுறைக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் புகுகிற விஷயம். பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்கிற விஷயம். ஆடி மாதத்தில் அவிசாவளையிலிருந்து ஹட்டன் வீதியில் ஏறிப் பாருங்கள். கித்துல்கலையைத் தாண்டிக் கினிகத்தேனைக்கு ஏறும்போதே தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி முகத்தில் அறையும். வட்டவளையில் அது மழையாக இருக்காது, நின்றுகொண்டிருக்கும் தண்ணீராக இருக்கும். ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் இடம் அது. ஹட்டனில் சற்றுத் தணியும். கொட்டகலை, தலவாக்கலை கடந்து நானுஓயாவை நெருங்கும்போது மழை தூறலாகித் தூறல் பனிமூட்டமாகும். நுவரெலியாவில் தேநீர் குடித்துவிட்டு ஹக்கலை இடைவெளியைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கினால் வெயில்! புற்கள் காய்ந்து கிடக்கும். மழையங்கியைக் கழற்றி மடித்துக் கட்டுகிற உங்களை உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நிற்பவர் விசித்திரமாகப் பார்ப்பார். வட்டவளையிலிருந்து வெலிமடை வரை நூறு கிலோமீற்றரைக்கூடத் தொடாத பாதை இது. மார்கழியில் போனால் இதே படம் தலைகீழாகும். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி கிழக்குச் சரிவை நனைக்கும், ஹட்டன் பக்கம் குளிர்ந்த வெயிலில் கிடக்கும்.

வெலிமடை ஊவா மாகாணம், ஆகவே மாகாணக் கணக்கு சரிதானே என்று யாராவது கேட்கக்கூடும். சரி, நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே இருப்போம். வட்டவளையும் அந்த மாவட்டம்தான், வலப்பனையும் அந்த மாவட்டம்தான். வட்டவளையின் மழையில் பாதிகூட வலப்பனைக்குக் கிடைப்பதில்லை. பெய்கிற மாதங்களும் வேறு. இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரே வாக்கியத்தில் வானிலை சொல்லும் ஒருவரை நாம் என்ன செய்வது?

வேடிக்கை என்னவென்றால், இந்த வேறுபாட்டைத் தேயிலை வியாபாரம் மிக நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. இலங்கைத் தேயிலையை ஏழு பிராந்தியங்களாகப் பிரித்து விற்கிறார்கள். நுவரெலியா, டிம்புள்ள, உடப்புசல்லாவை ஆகிய மூன்றும் இந்த ஒரு மாவட்டத்தைச் சுற்றியே கிடக்கின்றன. டிம்புள்ளத் தேயிலை ஆண்டின் தொடக்க மாதங்களில் மணக்கும். ஊவாத் தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை மணக்கும். காரணம், எந்தப் பள்ளத்தாக்கில் எப்போது உலர்ந்த காற்று வீசுகிறது என்பதே. கொழும்பு ஏலத்தில் ஒரு பிடி தேயிலையை முகர்ந்து பார்த்துவிட்டு அது மலையின் எந்தப் பக்கத்து வெயிலில் விளைந்தது என்று சொல்லக்கூடிய மனிதர்கள் இருக்கிறார்கள். அரசாங்கத்துக்கும் இது தெரியும். விவசாயத் திணைக்களம் 2003இல் வெளியிட்ட வரைபடம் மழை, உயரம், மண் ஆகியவற்றை வைத்து இந்தச் சிறிய தீவை 46 விவசாய சூழலியல் வலயங்களாகப் பிரித்தது. அதே அரசாங்கத்தின் இன்னொரு திணைக்களம் மழையைப் பெரும்பாலும் மாகாணம், மாவட்டம் என்ற எல்லைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. மாகாண எல்லைகளை வகுத்தவர்கள் வெள்ளைக்கார நிருவாகிகள். அவர்கள் முகிலைக் கலந்தாலோசித்து வகுக்கவில்லை.

ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. காற்றைப் பற்றி அறிவிக்கும்போது திணைக்களம் ‘மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகள்’ என்று துல்லியமாகக் குறிப்பிடுவதுண்டு. காற்றுக்குச் சரிவு தெரிகிறது. மழைக்கு ஏன் தெரியக்கூடாது?

இளைஞர்களிடம் இதைச் சொன்னால் கைபேசியை எடுத்துக் காட்டுகிறார்கள். கடந்த சில வருடங்களாக வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நமது பிள்ளைகளில் பலர் நீர்கொழும்பிலோ கண்டியிலோ மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலையேறுகிறார்கள். லண்டனிலிருந்து வந்த நண்பர் ஒருவரின் மகன் ஓர் ஆகஸ்டில், “அங்கிள், இரண்டு வாரமும் மழை என்று போட்டிருக்கிறதே” என்று கைபேசியை நீட்டினான். பதினான்கு நாட்களுக்கும் வரிசையாகப் பதினான்கு முகில்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று துளிகள். பயணத்தைக் கைவிட்டு அவன் ஹிக்கடுவைக்குப் போய்விட்டான். அந்த வாரம் பண்டாரவளையிலிருந்து பேசிய இன்னொரு நண்பர் கிணறு வற்றுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

செயலியின் மேல் குற்றமில்லை, அதை நம்புகிற விதத்தில்தான் கோளாறு. இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை உலகளாவிய கணினி மாதிரிகளிலிருந்து தகவல் எடுக்கின்றன. ஐரோப்பிய மையத்தின் மாதிரி உலகத்தை ஏறக்குறைய 9 கிலோமீற்றர் கட்டங்களாக வெட்டிப் பார்க்கிறது. அமெரிக்க மாதிரியின் கட்டம் ஏறக்குறைய 13 கிலோமீற்றர். தட்டையான நாட்டுக்கு அது போதும். நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்கு இறங்கும் பாதையில் ஏறக்குறைய 900 மீற்றர் உயரம் குறைந்துவிடுகிறது. கட்டத்துக்குள் சிக்கிய மலையின் கூர்மை மழுங்கி, உச்சியும் பள்ளமும் சேர்ந்து ஒரு சராசரி மேடாகிவிடும். அந்தச் சராசரி மேட்டில் பெய்யும் சராசரி மழையைத்தான் கைபேசி காட்டுகிறது. சராசரி மேட்டில் யாரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில்லை.

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஈசல் பறப்பதையும் எறும்பு ஊர்வதையும் பார்த்தே மழையைச் சொன்னார்கள், இந்த விஞ்ஞானமெல்லாம் எதற்கு என்பார்கள். எனக்கும் அந்தப் பெரியவர்கள் மேல் மரியாதை உண்டு. ஐப்பசியில் மலைநாட்டில் போவதென்றால் விடியலில் புறப்பட்டுப் பிற்பகல் 2 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடு என்று சாரதிகள் சொல்லும் விதி எந்தச் செயலியையும் விடச் சிறந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈசல் மழை வரும் என்றுதான் சொல்லும். எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லாது. மலையில் உயிரைத் தீர்மானிப்பது அந்த மில்லிமீற்றர் கணக்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம்.

இந்த இடத்தில் விடுமுறைப் பயணிகளை விட்டுவிடுவோம். அவர்கள் ஹிக்கடுவைக்குப் போகலாம். மலையக வீதிகளில் மழைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் உல்லாசத்துக்காக ஓட்டுவதில்லை. கொழும்பில் கடைகளிலும் உணவகங்களிலும் கட்டட வேலைத்தளங்களிலும் உழைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு முதல்நாள் கடை சாத்தும் வரை நின்றுவிட்டு, பஸ்ஸில் இடமில்லாமல், தவணைக்கு வாங்கிய வண்டியில் இருவராக ஏறி, முன்னால் துணிப்பையை வைத்துக்கொண்டு இரவோடிரவாக மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் அக்கரப்பத்தனைக்கும் போகிறார்கள். தீபாவளி வருவது இரண்டாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலத்தில். பகலில் திரண்ட முகில் மாலையில் இடியோடு கொட்டி மண்ணை ஊறவைத்திருக்கும் நேரத்தில். அந்தப் பிள்ளை அவிசாவளையில் நின்று கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: இன்று மாலை கினிகத்தேனையில் எவ்வளவு பெய்தது, வீதி திறந்திருக்கிறதா? அவனுக்குக் கிடைக்கும் பதில்: மத்திய மாகாணத்தில் மழை பெய்யக்கூடும்.

அவன் போய்ச் சேரும் லயத்தில் இருப்பவர்களுக்கும் அதே பதில்தான். மழை நாளில் கம்பளியையும் படங்கையும் சுற்றிக்கொண்டு மலைக்குப் போவதா, போனால் முழுப்பேரா அரைப்பேரா என்பது ஒருபுறம். இரவில் லயத்துக்கு மேலேயுள்ள மலை நிற்குமா என்பது மறுபுறம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இருக்கவில்லை. ஆண்டுகளாக நீடிக்கும் அபாயத்தைச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று. ‘இன்றிரவு, உங்கள் மலை’ என்று சொல்லும் எச்சரிக்கை வேறொன்று. முதலாவதை அலட்சியம் செய்த நாடு, இரண்டாவதை உரிய விதத்தில் மக்களிடம் கொண்டுசேர்க்கவில்லை.

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா சூறாவளி கிழக்குக் கரையில் ஏறியபோது இது முழுமையாக வெளிப்பட்டது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் லயன்களையும் கிராமங்களையும் விழுங்கின. நுவரெலியா நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டது. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் அரைகுறையாகவும் வந்தன, சில வரவே இல்லை என்ற விமர்சனம் அப்போது பரவலாக எழுந்தது. அரசகரும மொழிகள் இரண்டு என்று அரசியலமைப்பில் எழுதியிருப்பது காணிப் பத்திரத்துக்கு மட்டும் பொருந்தும் என்று யாராவது நினைத்திருக்கலாம். தமிழில் ஓரளவு விளக்கமாக வானிலை சொன்னவர்களைத் தேடினால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புவியியல் ஆசிரியர் கலாநிதி நாகமுத்து பிரதீபராஜாவின் பெயர்தான் முதலில் வருகிறது. ஒரு விரிவுரையாளர் தமது முகநூல் பக்கத்தில் செய்வதை ஒரு திணைக்களம் செய்ய வேண்டும் என்று கேட்பது பேராசையா?

மலையில் வானிலை சொல்வது கடினம் என்பார்கள். உண்மைதான். பிற்பகலில் திடீரென எழும் இடிமுகில் எந்தத் தோட்டத்தின் மேல் உடையும் என்று காலையில் உலகில் எவராலும் சொல்ல முடியாது. ஆனால் உடைந்துகொண்டிருக்கும்போது பார்க்க முடியும். அதற்குத்தான் டொப்ளர் ராடார். தெனியாயவுக்கு அருகே கொங்கல மலையில் நிறுவுவதற்கென்று வாங்கிய ஒன்று மலைக்கு ஏற்றும் வழியிலேயே சேதமடைந்து போனதை மறந்துவிட்டோம். புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டை அமைக்க ஜப்பானுடன் 2017இல் நன்கொடை உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. எட்டு வருடங்கள் கழித்து டித்வா வந்தபோது நாட்டில் இயங்கும் டொப்ளர் ராடார் ஒன்றுகூட இருக்கவில்லை. சென்னையிலோ 2015 வெள்ளத்துக்குப் பின்னர் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜோன் போன்றவர்கள் ராடார் படத்தைக் காட்டி, எந்தப் பக்கத்தில் இன்னும் அரை மணி நேரத்தில் மழை என்று மக்களுக்கு எழுதுகிறார்கள். படம் இருப்பதால் எழுத முடிகிறது.

சரி, ராடார் வரும்போது வரட்டும். பெரும்பாலான தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ பக்கத்தில் ஒரு மழைமானி இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே ஒவ்வொரு நாள் காலையும் அதைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதும் வழக்கம் உண்டு. கொழுந்து எவ்வளவு வரும், உரம் எப்போது போடுவது என்பதெல்லாம் அந்த எண்ணில் தங்கியிருக்கிறது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சில தோட்டங்களின் கணக்கு மாதாந்தப் புள்ளிவிபரத்துக்காகத் திணைக்களத்துக்கும் போகிறது. பள்ளத்தாக்குக்கு ஒன்று என்ற அளவில் நாம் கேட்கும் தகவல் ஏற்கெனவே சேகரிக்கப்படுகிறது, மக்களுக்குத்தான் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலாவது காலையும் மாலையும் அந்த எண்ணைத் தொலைபேசியில் பெற்று, தோட்டத்தின் பெயரோடு, மில்லிமீற்றரோடு, தமிழிலும் சிங்களத்திலும் குறுஞ்செய்தியாக அனுப்புவதற்கு ஜப்பானின் நன்கொடை தேவையில்லை. பெருந்தோட்டக் கம்பனிகளும் வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் ஒரு நாள் ஒரு மேசையில் இருந்தால் போதும். முடியாது என்று சொல்லும் அதிகாரி எவரேனும் இருந்தால், ஏன் முடியாது என்பதைத் தமிழில் எழுதி அனுப்பட்டும். ஒரு சொல்லும் வெட்டாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.