கன்னியாவில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. ஊரவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசிக்க வேண்டும்.

போன தவணை முடியும்போது தரம் 7 பிள்ளைகளைத் திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போனோம். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றி, "இது கூடச் சூடு, அது குறையச் சூடு" என்று பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி ஓடி வந்து கேட்டாள்: "டீச்சர், இது ஆர்ட கிணறு?"

ஒரு பக்கத்தில் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த தமிழ்க் குடும்பம். மறுபக்கத்தில் பஸ்ஸில் வந்த சிங்கள யாத்திரிகர்கள். நாங்கள் மூன்று ஆசிரியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "அரசாங்கத்துட கிணறு மகள்" என்று சொல்லிச் சமாளித்து விட்டோம். வீடு வந்த பிறகும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறோம்.

கன்னியாவில் இருப்பவை ஆழமில்லாத சிறிய சதுரக் கிணறுகள். எட்டிப் பார்த்தால் அடி தெரியும். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் உட்சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. எரிமலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மகா ஓயாவிலும் ஹம்பாந்தோட்டை மாவட்டத்து மஹபெலஸ்ஸவிலும் இப்படி ஊற்றுகள் உண்டு. இது விஞ்ஞானப் பாடம்.

மக்கள் சொல்லும் கதைகள் வேறு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ய நீர் தேடி, நிலத்தில் வாளால் ஏழு இடத்தில் குத்தினான், அங்கே வெந்நீர் பொங்கியது என்பது சைவ மக்களின் கதை. அதனால்தான் இன்றும் இறந்தவர்களுக்கான கடமையை நிறைவேற்ற அங்கே வருகிறார்கள். பழைய பௌத்த மடமொன்றின் எச்சங்கள் அங்கே இருப்பதாகத் தொல்பொருள் திணைக்களம் சொல்கிறது. அந்தப் பக்கத்து மலையில் அவுலியா ஒருவரின் நீண்ட கப்று இருக்கிறதென்று எங்கள் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒரே இடத்துக்கு இத்தனை கதைகள். இவ்வளவு காலமும் அள்ளியவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் ஒரே சூட்டில்தான் கிடைத்தது.

இது கன்னியாவுக்கு மட்டும் உள்ளதல்ல. பாவா ஆதம் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்கு அது சிவனொளிபாதம், பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத. 1344இல் இப்னு பதூதா அந்தப் பாதத்தைப் பார்க்க வந்தார். ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் மன்னன் அவருக்குப் பல்லக்குக் கொடுத்து, வழித்துணையாக நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் தன் ஆட்களையும் அனுப்பி வைத்தான். ஒரு முஸ்லிம் பயணியை யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்டிக் கூட்டிப் போயிருக்கிறார்கள். போகும் வழியில் ஹிழ்ர் அலைஹிஸ்ஸலாம் பெயரில் ஒரு குகையும் ஊற்றும் இருந்ததாகவும், அந்த ஊற்றில் நிறைய மீன் இருந்தும் யாரும் பிடிப்பதில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். அவர் அதை எழுதி வைத்ததால்தான் இன்று எங்களுக்குத் தெரிகிறது.

இனி, எங்கள் மார்க்கம் கிணற்றைப் பற்றி என்ன சொல்லித் தந்திருக்கிறது? ஸம்ஸம் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு பகுதியை நாங்கள் அவசரமாகக் கடந்து போய்விடுகிறோம். ஹாஜர் அம்மையார் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும்போது ஜுர்ஹும் கோத்திரத்தார் வந்து, இங்கே தங்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்கள் கூட்டமாக வந்த பலசாலிகள். இவர் துணையில்லாத ஒரு பெண். தங்கலாம், ஆனால் தண்ணீரில் உங்களுக்கு உரிமை கிடையாது என்கிறார் அம்மையார். அவர்களும் சம்மதிக்கிறார்கள். கூட்டம் பெரிது என்பதற்காகக் கிணறு கைமாறவில்லை. அதேநேரம் வந்தவர்களைத் தாகத்தோடு திருப்பி அனுப்பவுமில்லை.

மதீனாவின் ரூமா கிணறு இன்னொன்று. அங்கே தண்ணீர் காசுக்கு விற்கப்பட்டது. அந்தக் கிணற்றை வாங்கித் தன் வாளியையும் மற்றவர்களின் வாளியையும் சமமாக வைப்பவருக்கு நன்மாராயம் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். உஸ்மான் (ரலி) வாங்கி வக்ஃபு செய்தார்கள். விலை கொடுத்து வாங்கியவருக்கே வாளி சமம் என்றால், கதையை மட்டும் வைத்துக்கொண்டு கிணற்றுக்கு உரிமை பேச யாரால் முடியும்?

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம். 2019 ஜூலையில் கன்னியாவில் பிள்ளையார் கோயில் இருந்த இடத்தைப் பற்றிப் பெரிய பிரச்சினை வந்தது. தமிழ் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விடயம் நீதிமன்றம் வரை போனது. நாங்கள் என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. அந்த வருடம் ஏப்ரலுக்குப் பிறகு வாயைத் திறக்கவே பயந்திருந்த காலம் என்பது உண்மைதான். ஆனால் பயம் மட்டும் காரணமில்லை. "அது நம்மட இடமில்லை, நமக்கென்ன" என்ற எண்ணமும் எங்களுக்குள் இருந்தது. குரகலையில் ஜெய்லானி பள்ளிவாசல் விடயத்தில் நாங்கள் பட்ட மனவேதனை எங்களுக்குத் தெரியும். அதே வேதனையை மற்றவர் பட்டபோது எங்களுக்கு ஏன் விளங்காமல் போனது?

இதற்கு நேர்மாறான இன்னொரு குரலும் எங்களுக்குள் உண்டு. "மலையில் நம்மட அவுலியா இருக்கார், அப்ப அது நம்மட இடம்தான்." இதுவும் பிழை. கதை என்பது உறுதிப் பத்திரம் அல்ல. எங்கள் கதையைக் காட்டி நாங்கள் உரிமை கேட்டால், அடுத்தவர் தன் கதையைக் காட்டிக் கேட்பதை மறுக்க எங்களுக்கு வாயில்லை.

"இந்தக் கட்டுக்கதைகளை எல்லாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாமா? ஈமானுக்குப் பாதிப்பில்லையா?" என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு கதையைத் தெரிந்துகொள்வது வேறு, அதை அகீதாவாக எடுப்பது வேறு. பக்கத்து வீட்டுக்காரர் தன் தாயின் நினைவோடு ஏன் இந்தக் கிணற்றடிக்கு வருகிறார் என்று தெரிந்த பிள்ளை, அங்கே நின்று சிரிக்காது. அதோடு, எங்கள் கதைகளை நாங்களே வெட்கப்பட்டு அழித்துவிட்டால், நாளைக்கு இந்த மண்ணில் நாங்கள் எப்போது, எப்படி வாழ்ந்தோம் என்று சொல்ல என்ன மிச்சமிருக்கும்? பலாங்கொடை எம்.எல்.எம். அபூசாலி அவர்கள் ஜெய்லானியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதி வைத்தார்கள். அப்படி எழுதி வைக்கப்படாத இடங்கள் எத்தனை?

வெகுதூரம் போகத் தேவையில்லை. எங்கள் பள்ளிவாசல் முற்றத்துப் பழைய கிணற்றைப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு யாரும் அள்ளுவதில்லை. அதை மூடி, மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் எடுக்கலாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. வரும் கூட்டத்தில் அது எடுக்கப்படும் என்று கேள்விப்பட்டோம்.

அந்தக் கிணற்றுக் கட்டில் அறபுத் தமிழில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. பாசி மூடி, பாதி அழிந்துவிட்டது. தோண்டக் காசு கொடுத்தவர் பெயரா, தோண்டியவர் பெயரா என்று இன்று ஊரில் உறுதியாகச் சொல்ல ஆளில்லை. கோடையில் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பெண்கள் குடத்தோடு வந்து அள்ளிப் போவார்களாம். அஸருக்குப் பிறகு கிணற்றடி அவர்களுக்கு என்று அப்போதைய மரைக்காயர்மார் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். எங்கள் மூத்தம்மாமார் இதைச் சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்த வரையில் இந்த ஊரின் மிகப் பெரிய பெருமை அதுதான். அதை மண் போட்டு மூடவா போகிறோம்?

எங்கள் வேண்டுகோள் மூன்று. கிணற்றை மூடாமல், பிள்ளைகள் விழாதபடி கம்பி வலை போடுங்கள். அந்தக் கல்லைச் சுத்தம் செய்து, அறபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எழுபது வயது தாண்டிய உம்மாமார், வாப்பாமார் சொல்வதை எங்கள் மாணவர்கள் வந்து எழுதிக்கொள்ள அனுமதி தாருங்கள். முடிந்தால் பக்கத்துக் கிராமத்தில் குடம் தூக்கி வந்தவர்களிடமும் கேட்போம். அவர்களுக்கு ஞாபகமிருப்பது எங்களுக்குத் தெரியாததாக இருக்கலாம்.

அந்தப் பிள்ளைக்கு அடுத்த கிழமை வகுப்பில் பதில் சொல்லப் போகிறோம். கிணற்றுக்குச் சொந்தக்காரன் அல்லாஹ். நாங்கள் பார்க்க வேண்டியது, தாகத்தோடு வருபவர் வாளி போட இடமிருக்கிறதா என்பதைத்தான்.

கூட்டத்துக்கு வரக்கூடியவர்கள் கட்டாயம் வாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், ஆனால் மரியாதையாக எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.