ஆயிரம் ரூபாய் நிற்கும் மாதம்
பி.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் எழுதி முடித்த பக்கத்துத் தெருப் பெண்ணிடம், மேற்கொண்டு என்ன திட்டம் என்று கேட்டேன். "எம்.எஸ்சி. படிக்கணும்னுதான் ஆசை சார். ஆனா ஆயிரம் ரூபா நின்னுடுமே" என்றாள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பணம் நேராக மாணவியின் வங்கிக் கணக்குக்கே போகிறது. திட்டத்தின் சாமர்த்தியமே அதுதான். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம், நாப்கின் என்று எதற்கும் அப்பாவிடம் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை என்றாள். (வீட்டில் கேஸ் தீர்ந்த மாதங்களில் அந்தப் பணம் எங்கே போனது என்பது தனிக்கதை.) இளநிலைப் பட்டத்தோடு உதவி முடிகிறது. செலவு முடிகிறதா? முதுநிலை விண்ணப்பம், டி.என்.பி.எஸ்.சி. புத்தகங்கள், இன்டர்வியூவுக்குச் சென்னை போக பஸ் டிக்கெட் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசை கட்டுகின்றன. மாப்பிள்ளை ஜாதகமும் அந்த இடைவெளியில்தான் வீட்டுக்குள் வருகிறது. 'படித்தாயிற்று, இனி சம்பாதிக்கட்டும்' என்பவர்கள், முதல் சம்பளம் வர எத்தனை மாதம் ஆனது என்று தங்கள் பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாம். பட்டம் முடித்த பிறகும் ஓராண்டுக்கு இந்தத் தொகை தொடர வேண்டும். முதுநிலையில் சேர்ந்தால் படிப்பு முடியும்வரை தர வேண்டும். அடுத்த பட்ஜெட்டிலாவது அரசு இதைப் பரிசீலிக்கட்டும்.