கல்லூரி ஹாக்கி பார்க்க வருபவருக்கு நிழலும் தண்ணீரும்கூட இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரிகளுக்கு இடையிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலும் நடக்கும் ஹாக்கிப் போட்டிகளில், பார்க்க வருபவர்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதே இல்லை. இதற்கு என் வன்மையான கண்டனத்தைத் தங்கள் இதழ் வழியாகப் பதிவு செய்கிறேன். என் மகள் கல்லூரி அணியில் பின்கள ஆட்டக்காரர். நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆனாலும் அவள் ஆடும் ஊர்களுக்கு நானும் என் மனைவியும் முடிந்தவரை போய் வருகிறோம். இங்கே எழுதியிருப்பது நாங்கள் நேரில் கண்டதுதான்.

சென்ற பருவத்தில் வெளியூரில் நடந்த ஓர் அரையிறுதியைச் சொல்கிறேன். ஆட்டம் எத்தனை மணிக்கு என்று எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை, பல்கலைக்கழக வாயிலிலும் எழுதிப் போடவில்லை. முந்தைய நாள் இரவு பயிற்சியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டவணையை மகள் எங்களுக்கு அனுப்பியதால்தான் நேரம் தெரிந்தது. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் வாயிலில் காவலாளி அடையாள அட்டை கேட்டார். பெற்றோர் என்று சொல்லி, மகளுக்குப் போன் போட்டு, பயிற்சியாளர் வந்து அழைத்த பிறகே உள்ளே விட்டார்கள்.

உள்ளே சிறப்பு விருந்தினர்களுக்கு ஷாமியானாவும் சோபாவும் மின்விசிறியும் இருந்தன. எதிர்ப்புறம் கேலரிக்குக் கூரை இல்லை. பதினோரு மணி வெயிலில் சிமெண்ட் படி சுட்டதால் கையில் இருந்த துண்டை விரித்து உட்கார்ந்தோம். தண்ணீர் கேன் ஆடுகிறவர்களுக்கு மட்டும். பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. என் மனைவியும் இன்னும் சில தாய்மார்களும் சாலையைக் கடந்து பெட்ரோல் பங்க்கைத் தேடிப் போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் மூன்றாவது பகுதி ஆட்டம் முடிந்துவிட்டது. மகள் ஆடுவதைப் பார்க்க வந்த தாய்க்கு இதுதானா மரியாதை?

ஸ்கோர் போர்டும் இல்லை, ஒலிபெருக்கி அறிவிப்பும் இல்லை. ஹாக்கி 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகளாக ஆடப்படுகிறது. பச்சை அட்டை வாங்கியவர் 2 நிமிடமும், மஞ்சள் அட்டை வாங்கியவர் குறைந்தது 5 நிமிடமும் வெளியே உட்கார வேண்டும். ஓர் அணி பத்துப் பேரோடு தாக்குப்பிடிக்கும் அந்த நிமிடங்களில்தான் பல ஆட்டங்களின் தலைவிதி மாறுகிறது. அன்று அப்படி ஒரு வீராங்கனை மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறியதைக் கேலரியில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. கடைசி நேரத்தில் பெனால்டி கார்னர் கிடைத்தபோது, அடித்தால் சமமா வெற்றியா என்று எங்கள் பின்னால் இருந்த மாணவர்கள் மாற்று ஆட்டக்காரர்களைக் கூவிக் கேட்டார்கள். ஸ்கோர் தெரியாதவர் எதற்கென்று கைதட்டுவார்?

நடத்துபவர்களிடம் கேட்டால், கல்லூரி ஹாக்கிக்குக் கூட்டமே வருவதில்லை, பிறகு ஏற்பாடு எதற்கு என்கிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் உலகக் கோப்பை சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கிலும், மதுரை ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் புதிதாக அமைத்த அரங்கிலும் நடந்தது. 24 நாட்டு அணிகள் வந்தன. ரசிகர்களுக்கு அனுமதி இலவசம். ஆட்ட நேரங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டன, மக்களும் திரண்டு வந்தார்கள். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த நம் பிள்ளைகள் 4-2 என்று ஜெயித்தார்கள். ஆடியவர்கள் எல்லாரும் 21 வயதுக்கு உட்பட்டவர்கள், அதாவது நம் கல்லூரிப் பிள்ளைகளின் வயதுக்காரர்கள். அந்த வயதினரின் ஹாக்கியைப் பார்க்க நம் மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கோவில்பட்டியைப் பாருங்கள். மே மாத அகில இந்தியப் போட்டிக்கு மின்னொளியில் கேலரி நிறைகிறது. அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர் கார்த்தி. அமெரிக்காவில் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் இறுதி ஆட்டத்தை 2010இல் டெட்ராய்ட் நகரில் 37,592 பேர் பார்த்தார்கள். அந்த அளவுக்கு நான் ஆசைப்படவில்லை. வருகிற சில நூறு பேரை விரட்டாமல் இருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்தப் போட்டிகளை யாரும் தங்கள் கைக்காசில் நடத்தவில்லை. மாணவர்களிடம் விளையாட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள், அரசுப் பணமும் இருக்கிறது. பந்தலுக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்க முடிகிறது என்றால், கேலரிக்கு ஒரு பந்தலும் பத்துத் தண்ணீர் கேனும் முடியாத காரியமா?

எனவே, பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்தும் பொறுப்பை ஒப்படைக்கும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், கேலரியில் நிழல், குடிநீர், திறந்திருக்கும் பெண்கள் கழிப்பறை, ஸ்கோர் போர்டு ஆகியவற்றைக் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். அட்டவணையை ஒரு வாரம் முன்பே பத்திரிகைகளுக்குக் கொடுக்க வேண்டும். அரையிறுதியையும் இறுதியையும் வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய மாலை நேரத்தில் வைத்து, வாயிலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். கல்லூரிகளும் தங்கள் அணி ஆடும் நாளில் மற்ற மாணவர்களைப் பஸ்ஸில் அழைத்துப் போகலாம்.

புதுவை அரசுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊரில் போட்டி நடக்கும்போது, தினமும் மாலை 6 மணிக்கு மேல் வாகனங்களை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலையில் அதற்கான அறிவிப்புப் பலகைகளை வையுங்கள். அங்கே காற்று வாங்க வரும் கூட்டத்தில் ஒரு பகுதி வந்தாலே கேலரி நிறைந்துவிடும்.

அடுத்த பருவத்துக்கான அட்டவணை வெளியாகும் முன்பே இவற்றைச் செய்ய முடியும். பெரிய செலவு எதுவும் இல்லை. பொறுப்பில் உள்ளவர்கள் எங்களோடு அந்தக் கேலரியில் ஒரு முழு ஆட்டம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

இப்படிக்கு,
கல்லூரி ஹாக்கி வீராங்கனை ஒருவரின் தந்தை,
மேட்டுப்பாளையம், புதுச்சேரி.