படியாப் புத்தகங்கள்

பொருள் படைத்தோர் மாளிகைகளில் மட்டுமன்றி, நடுத்தரக் குடும்பத்தார் இல்லங்களிலும் கண்ணாடிக் கதவிட்ட புத்தக அலமாரி ஒன்று காணப்படுகின்றது. அதனுள் வரிசையாய் நிற்கும் நூல்களிற் பல, ஒருமுறையேனும் பிரித்துப் படிக்கப்படாதவை என்று கூறின், அவ்வீட்டார் சினங்கொள்ளார், நகைத்துக்கொண்டே ஒப்புக்கொள்வர். அங்ஙனமாயின், படியாத நூலை மக்கள் வைத்திருப்பானேன்?

இது நம் நாட்டிற்கே உரிய வழக்கமன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் செனெக்கா, செல்வர் இல்லங்களில் நீராடும் அறையைப் போலவே நூலகமும் ஓர் அலங்காரமாகிவிட்டதெனக் கடிந்து எழுதினார். அலெக்ஸாந்திரியாவில் 40,000 நூல்கள் எரிந்தமைக்கும் அவர் இரங்கினாரல்லர். அவை கல்வியின் பொருட்டன்றிக் காட்சியின் பொருட்டே சேர்க்கப்பட்டவை என்பது அவர் கருத்து. ஜப்பானியரோ, வாங்கிக் குவித்துப் படியாது விடுதலைக் குறிக்கச் 'சுன்தோக்கு' என்றொரு சொல்லே படைத்துக்கொண்டனர்.

செனெக்கா கூறியது பாதி உண்மையே எனத் தோன்றுகின்றது. நம்மவர்க்குப் பெருமை ஒன்றே காரணமன்று. காலில் புத்தகம் பட்டுவிடின் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மக்கள் நாம். சரஸ்வதி பூஜையன்று நூல்களை அடுக்கிச் சந்தனமிட்டு மலர் சூட்டி வணங்குகின்றனர். அன்று அவற்றைப் படித்தலாகாது என்பது முறை. மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் படித்தல் வேண்டும் என்பதும் முறையே. சில வீடுகளில் அம்மறுநாள் வருவதேயில்லை! திருமணத்திற் பரிசாய் வந்த திருக்குறளையும், பள்ளியில் வென்ற பரிசு நூலையும், காலஞ்சென்ற தந்தையார் கையொப்பமிட்டு வைத்த புராணத்தையும் எறிய மனமில்லை, எடுக்க நேரமில்லை. கம்பராமாயணத்தை வாங்குவோன், அதனைச் சுவைத்துக் கற்பவனாய்த் தான் என்றேனும் ஆவான் என்று நம்பியே வாங்குகின்றான். அந்நம்பிக்கையை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை.

இவ்வழக்கத்தின் நன்மையும் தீமையும் நம் பழந்தமிழ் நூல்களின் வரலாற்றிலேயே நன்கு விளங்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும், 1892-ல் சிலப்பதிகாரத்தையும், 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவற்றிற்கு வேண்டிய ஏடுகளை மடங்களிலும் புலவர் வழிவந்தோர் வீடுகளிலும் அவர் தேடித் திரிந்தார். அவ்வீட்டாருட் பலர் அவ்வேடுகளின் பொருளறியாதவர். ஆயினும் பரணில் வைத்திருந்தனர். அவர்கள் வைத்திராவிடின் அவர் எதனைப் பதிப்பித்திருப்பார்?

ஆனால், பனையோலை பெட்டிக்குள்ளே நெடுங்காலம் வாழ்வதன்று. படிப்பவன் இருந்தால்தான் பெயர்த்தெழுதுவான். பெயர்த்தெழுதினால்தான் நூல் தலைமுறை கடந்து செல்லும். படிப்பாரற்ற ஏட்டைச் செல்லும் இராமபாணப் பூச்சியும் படித்தன. ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள், ஆகமத்திற் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டன என்று கேட்டு ஐயரவர்கள் உள்ளம் நைந்தார்கள். எரித்தவர் பகைவரல்லர் என்பதைக் கருதுக. அவர்கள் பக்தியோடேயே எரித்தனர்! வணக்கம் மிகுந்து வாசிப்பு அற்ற இடத்தில் நூலுக்கு நேரும் கதி இது.

ஆதலின் படியாதிருத்தலைக் காட்டிலும், பூட்டிவைத்தலையே யான் பெருங்குற்றமாகக் கருதுகின்றேன். இங்கிலாந்தில் ஹெரிபோர்டுப் பேராலயத்து நூல்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் கொண்டுபோய்விடாமல், வருவோர் யாவரும் அங்கேயே படித்தற்கென்று இட்ட சங்கிலி அது. நம் அலமாரிப் பூட்டோ எவரும் படியாமைக்கே பயன்படுகின்றது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களும் இதழ்களும் பிறவுமாக 50,000-க்கும் மேற்பட்டவற்றைத் திரட்டினார். அத்தனையையும் ஓராயுளில் ஒருவர் படித்தல் இயலுமோ? ஆயினும் ஆராய்ச்சியாளர் நாடிவந்தபோது அவர் வீட்டு அலமாரிகள் திறந்தன. 1992-ல் அவர் மறைந்த பின்னர், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைக்கு வாங்க, அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அவரைச் செனெக்கா கண்டிருப்பின் யாது கூறியிருப்பாரோ!

அத்துணைப் பெரிய முயற்சி நமக்கு வேண்டா. அலமாரியின் பூட்டை நீக்கி, அருகே ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிட்டு, இரவல் கொள்வோர் பெயரையும் நாளையும் எழுதச் செய்தல் போதும். இரவல் போன புத்தகம் மீளாது என்று அஞ்சுவோர் உளர். அவர்தம் அச்சம் பொய்யன்று. மீளாத நூல் எவனோ ஒருவன் அலமாரியில் இருக்கின்றது. அவனும் அதனைப் படிக்கவில்லை போலும்.