ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' சத்தமா?

ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்றதும் திருவண்ணாமலையில் தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, "நல்ல ரெக்கவரி சாப்ட்வேர் இருக்கா?" முதலில் கம்ப்யூட்டரை நிறுத்துங்கள் என்பதே என் பதில். டேட்டாவைப் படிக்கும் ஹெட் பழுதாகித் தட்டில் உரசினால், அங்கிருந்த தீபத் திருவிழா போட்டோக்கள் தூளாகிவிடும். எந்த சாப்ட்வேராலும் மீளாது.

தட்டு தப்பினால் டேட்டாவும் தப்பும். 2003-ல் கல்பனா சாவ்லா பலியான கொலம்பியா விண்கலத்தின் கருகிய ஹார்ட் டிஸ்க்கில், டேட்டா இல்லாத பகுதியில்தான் தட்டு சேதமாகியிருந்தது. சுமார் 99 சதவீதத்தை மீட்டார்கள். அது லேப் வேலை, செலவு அதிகம். கல்யாண ஆல்பத்துக்குக் கொடுக்கலாம். சினிமாப் பாட்டுக்கு வேண்டாம்.

சத்தமின்றி பேட் செக்டார் மட்டும் என்றால், லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ மூலம் வேறு டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, நகலில் மட்டும் ரெக்கவரி சாப்ட்வேரை ஓட்டுங்கள். பழைய டிஸ்க்கில் விண்டோஸின் செக்டிஸ்க் வேண்டவே வேண்டாம்.