எந்தச் சூழலில் ஜாவா?

வரும் விடுமுறையில் நம் சங்கத்தின் சார்பில் முதலாண்டு மாணவர்க்கு ஜாவா வகுப்பு நடத்துவதென முடிவாகியிருக்கிறது. மிக்க மகிழ்ச்சி. ஆனால் எந்த ஐ.டி.இ.யைக் கொண்டு கற்பிப்பது என்ற பேச்சு வந்ததும், "கம்பெனிகளில் எது நடக்கிறதோ அதையே வைப்போம், இன்டெல்லிஜே ஐடியாவே போதும்" என்றனர் பலர். நான் மறுத்தேன். அன்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன்.

ஐ.டி.இ. என்பது யாது? நிரல் எழுதும் இடம், கம்பைலர், பிழை தேடும் டீபக்கர் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்த பட்டறை. ஐ.பி.எம். நிறுவனம் 2001இல் எல்லார்க்கும் திறந்துவிட்ட எக்லிப்ஸ், அதே ஆண்டில் வெளிவந்த இன்டெல்லிஜே, அவற்றிற்கு முந்திய நெட்பீன்ஸ் ஆகிய மூன்றும் பெரும் பட்டறைகள். (நெட்பீன்ஸ் 1996இல் பிராக் நகரத்து மாணவர் தொடங்கிய வேலை. நாமும் மாணவரே!) இவை திறமையிற் குறைந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் கோப்புகளில் ஒரு பெயரை மாற்ற வேண்டுமாயின் இன்டெல்லிஜே செய்யும் வேலை கண்டு வியக்கத்தக்கது. ஆனால் முதலாண்டு மாணவனிடம் இருப்பது ஆயிரம் கோப்பா? ஒன்றோ இரண்டோ!

என் கதையைச் சொல்கிறேன். தாராவியில் ஒற்றை அறை வீடு. லாமிங்டன் சாலையில் அப்பா வாங்கித்தந்த பழைய மடிக்கணினி. நினைவகம் 4 ஜி.பி. வகுப்பில் விதித்திருந்த ஐ.டி.இ.யைத் திறந்துவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து வந்தாலும் அது திறந்து முடிந்திராது. காரணம் பின்னர்தான் தெரிந்தது. எழுதியதையும் நூலகங்களையும் முழுதும் படித்து அட்டவணையிட்டு, நாம் எழுத எழுதப் பின்னணியில் பிழை பார்த்துக்கொண்டிருக்கும் கருவிக்கு நினைவகம் நிறைய வேண்டும். அப்போதோ, "நமக்கு ஜாவா வராது" என்றே எண்ணினேன். குறை கணினியினுடையதா, என்னுடையதா என்று பிரித்தறிய யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்று. வேலைக்கான நேர்முகம் ஒன்றில் வெள்ளைத்தாளை நீட்டி நிரல் எழுதச் சொன்னார்கள். 'பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்' என்ற வரியே கை வரவில்லை! இரண்டாண்டு காலம் அதை எனக்காக எழுதியது ஐ.டி.இ.

ஆதலின் தொடக்கத்துக்கு நான் சொல்வது புளூஜே. 1999இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில், கற்போர்க்கென்றே மைக்கேல் கோலிங்கும் ஜான் ரோசன்பர்க்கும் படைத்தது. இதில் கிளாஸ்கள் பெட்டிகளாகவும், அவற்றின் உறவு அம்புகளாகவும் திரையில் நிற்கும். பெட்டியின்மேல் வலது பொத்தானை அழுத்தி ஓர் ஆப்ஜெக்ட்டை ஆக்கலாம். மெயின் எழுதாமலேயே அதன் மெத்தடுகளை ஏவிப் பார்க்கலாம். செம்பூரிலிருந்து வரும் முதலாண்டு மாணவி ஒருத்தி, ஆப்ஜெக்ட்டுக்கு விளக்கம் மனப்பாடமாகச் சொல்வாள், பொருள் அறியாள். 'ரயில்பாஸ்' என்றொரு கிளாஸ் எழுதி, அதிலிருந்து அவள் பாஸ், என் பாஸ் என இரண்டு ஆக்கிக் காட்டினேன். ஒன்றின் கெடுநாளை மாற்றினால் மற்றது மாறாதிருப்பதைக் கண்டாள். "இவ்வளவுதானா அண்ணா?" என்றாள்.

"அது பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்" என்று நகைத்தனர் சில நண்பர்கள். உண்மையே, ஐ.சி.எஸ்.இ. பள்ளிகள் பலவற்றில் அதைக் கொண்டுதான் ஜாவா கற்பிக்கிறார்கள். அவர்கள் பதினான்கு வயதில் ஏறிய படியை நாம் ஏறவில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை படித்த நான் ஜாவா என்ற சொல்லைக் கேட்டதே கல்லூரியில்தான். ஏறி முடித்தவர்கள் படியைப் பழிப்பது எளிது.

புளூஜேயிலேயே நின்றுவிடவும் கூடாது. மேவன் போன்ற கருவிகளோடு கூடிய பெரிய வேலைக்கு அது உதவாது. முதல் மூன்று வாரம் புளூஜே; பின் ஒரு நாள் ஐ.டி.இ.யே இன்றி, வெறும் எடிட்டரில் எழுதி, டெர்மினலில் 'ஜாவாசி' கட்டளையால் கம்பைல் செய்யட்டும். அதன்பின் எக்லிப்ஸ். பவாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் ஜாவா பாடங்கள் எக்லிப்ஸிலேயே நடக்கின்றன. தமிழ்க் குரலிலும் கேட்கலாம். இன்டெல்லிஜே வேண்டுவோர் அதற்குப் பின் தாமே பழகிக்கொள்வர்.

பெயர்ப்பதிவின்போதே ஒவ்வொருவரிடமும் கணினி உண்டா, அதன் நினைவகம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாதவர்க்கு ஆய்வகத்தில் முன்னுரிமை தர வேண்டும். அதற்கான படிவத்தை நானே எழுதித் தருகிறேன்.