கல்லூரி விண்ணப்பம் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது

அந்தமானில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் பழைய மாணவர்களும் சேர்ந்த எங்கள் குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

கல்லூரி விண்ணப்பத்தை மாணவர் தம் கையால் நிரப்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, நிரப்ப வேண்டும். அதற்கு வேண்டிய காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை ஒன்பதாம் வகுப்பில் தொடங்க வேண்டும். இதைப் பள்ளிகளின் பொறுப்பாக்கிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விட வேண்டும் என்று தீவு நிர்வாகத்தைக் கேட்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பு என்றதும் எங்கள் கூட்டத்திலேயே சிலர் சிரித்தார்கள். "பிள்ளை முதல்ல பத்து பாஸ் பண்ணட்டும்" என்றார் ஒரு தகப்பனார். நியாயமான பேச்சுதான். ஆனால் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெயர் வாரியத்தின் பதிவேட்டில் ஏறுவது ஒன்பதாம் வகுப்பில். அங்கே எப்படி ஏறியதோ அப்படியே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அச்சாகும். மூன்று வருடம் கழித்து, 'பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர்' என்று கல்லூரிப் படிவம் கேட்கும்போதுதான் வீட்டில் எல்லோரும் அந்தக் காகிதத்தை முதன்முறையாக உற்றுப் பார்க்கிறோம்.

சென்ற வருடம் எங்களிடம் உதவி கேட்டு வந்த மாணவியைக் கார்த்திகா என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியலில் அவள் 'எஸ். கார்த்திகா'. ஆதாரில் 'கார்த்திகா செல்வராஜ்'. பிறப்புச் சான்றிதழில் வெறும் 'கார்த்திகா'. வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால் போய் 'கார்த்திகா எஸ்'. படிவத்திலோ முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்கள். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது. நெட் சென்டரில் இருந்தவர் முதலில் 'எஸ்' என்று போட்டுப் பார்த்தார். ஓரெழுத்தைப் படிவம் வாங்கவில்லை. 'செல்வராஜ்' என்று போட்டார், வாங்கிக்கொண்டது. சான்றிதழ் சரிபார்ப்பு வந்தபோது படிவத்துப் பெயரும் மதிப்பெண் பட்டியலின் பெயரும் ஒன்றில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோட்டரி, பிரமாணப் பத்திரம், மறுபடி ஸ்கேன் என்று ஐந்து நாள் ஓடியது. தமிழருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் என்பதை ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்குவதற்குள் ஹாடோ துறைமுகத்திலிருந்து கப்பலே கிளம்பிவிடும்.

பெயரைத் திருத்தவே முடியாதா என்றால், முடியும். சி.பி.எஸ்.இ. சான்றிதழ்களில் பெயர் மாற்றுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் தந்த தீர்ப்புக்குப் பிறகு வழி கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. ஆனால் வழி இருப்பது வேறு, கவுன்சிலிங் தேதிக்கு முன்னால் திருத்திய காகிதம் கைக்கு வருவது வேறு. ஒன்பதாம் வகுப்புப் பதிவின்போது பெற்றோரைக் கூப்பிட்டு, ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரு கையெழுத்து வாங்கினால் போதும். பத்து நிமிட வேலை.

அடுத்து நெட் சென்டர். அதை நடத்துபவர்கள் மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. சென்னையிலிருந்து கடலடி இணைய வடம் 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வடம் ரங்கத், லாங் ஐலேண்ட், ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பில் ஒரு பக்கம் திறக்கக் காத்துக் கிடந்த காலத்தில், ராத்திரி கண் விழித்து நம் பிள்ளைகளின் படிவங்களை ஏற்றிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். இப்போது இணைப்பு வந்துவிட்டது. பழக்கம் மட்டும் மாறவில்லை. மாணவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், வேறொருவர் தட்டுகிறார். அவசரத்துக்குக் கடைக்காரரின் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் படிவத்தில் ஏறிவிடுகின்றன. பிறகு ஓ.டி.பி.யும் இட ஒதுக்கீட்டுச் செய்தியும் கட்டணக் கெடுவும் அந்த எண்ணுக்கே போகின்றன. "அண்ணா, ஏதாவது மெசேஜ் வந்துச்சா?" என்று பிள்ளை தினமும் கடை வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அண்ணன் அன்றைக்குத் திக்லிப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தால் சீட் போச்சு.

எண்ணைவிடப் பெரிய சேதம் விருப்பப் பட்டியலில் நடக்கிறது. தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங் 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று மாணவர் வரிசைப்படுத்திக் கொடுக்கும் பட்டியலில், மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பது வராது. அந்த வரிசையில்தான் அடுத்த நான்கு வருடம் இருக்கிறது. அதை, போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போட்ட பட்டியலைப் பார்த்து அடித்துவிடுகிறார்கள். கடலைப் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை கம்ப்யூட்டர் சயன்ஸில் போய் உட்கார்ந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். "அதுக்கு விவரம் தெரியாது, தப்பாப் போட்டுடும்" என்பது பெற்றோர் சொல்லும் காரணம். முதலில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்கட்டும், ஆசிரியர் பார்க்கட்டும், நாமும் பார்ப்போம், பிறகு திரையில் ஏற்றட்டும் என்பது எங்கள் பதில்.

இனி, தீவுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் சிக்கல். இதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு திசைகள் இருக்கின்றன. ஒன்று, இங்கேயே படிப்பது. 1967-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி, மாயாபந்தரில் உள்ள மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி, பகார்காவில் உள்ள அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம், 2015-இல் வந்த மருத்துவக் கல்லூரி, இன்னும் சில. விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றது, மெயின்லேண்ட். நமக்கு அது பெரும்பாலும் சென்னை, மதுரை, கோவை. இரண்டு திசைக்கும் படிவத்தில் 'பிறப்பிடம்' என்றும் 'வகுப்பு' என்றும் இரண்டு கட்டங்கள் உண்டு. எங்கள் பிள்ளைகளின் பேனா நிற்கும் இடம் அதுதான்.

தீவு நிர்வாகத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 1942-க்கு முன் குடியேறியவர்கள், பழைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள், பாந்துக்கள், கரேன்கள், மாப்பிள்ளைகள் ஆகியோர் இருக்கிறார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பத்தின் பேரப்பிள்ளை அதில் இல்லை. பட்டியல் சாதி என்று இந்தத் தீவுகளுக்கு எதுவுமே அறிவிக்கப்படவில்லை. ஆகவே ஊரில் ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் வைத்திருக்கும் தாத்தாவின் பேத்தி இங்கே பொதுப்பிரிவில் போட்டியிடுகிறாள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனவர் போன இடத்தில் பட்டியல் சாதிச் சலுகை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலேயே சொல்லிவிட்டது.

சரி, தமிழ்நாட்டுக்கே விண்ணப்பிக்கலாம் என்றால், பொறியியல் சேர்க்கையில் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காதவர் பிறப்பிடச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டு வட்டாட்சியர் தந்ததாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்க்கு மட்டும். இங்கே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் தொடங்கிப் படித்த பிள்ளைக்கு அது கிடையாது. கப்பலேறும்போது ஒரு சாதி, இறங்கும்போது வேறொன்று, நடுக்கடலில் எதுவுமில்லை என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் சொல்வார்.

பட்டியலில் யாரைச் சேர்க்க வேண்டும் என்பது தனிப் போராட்டம். இந்த அறிக்கை அதைப் பேசவில்லை. இருக்கிற விதிக்குள்ளேயே, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது சரி, எந்தச் சான்றிதழை எந்த ஊரில் வாங்குவது என்று பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் கவலை. தாத்தாவின் ஊர் இராமநாதபுரம் பக்கம் என்றால், கோடை விடுமுறையில் போகும்போதே வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வரலாம். தேர்வு முடிவு வந்த பிறகு கிளம்பினால் கப்பலுக்கே மூன்று நாள்; விமானக் கட்டணம் மே மாதத்தில் எப்படி ஏறும் என்று தீவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மத்தியக் கல்வி நிறுவனங்கள் பல, கிரீமி லேயர் இல்லை என்ற சான்றிதழை ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்கின்றன. அதை மட்டும் முன்கூட்டி வாங்கி வைத்துப் பயனில்லை. மற்றவை எல்லாம் முடிந்திருந்தால் அந்த ஒன்றுக்காக ஓடலாம்.

தமிழ்நாடு அரசிடமும் ஒரு வேண்டுகோள். 2022-இல் சி.பி.எஸ்.இ. முடிவு ஜூலை 22 வரை தள்ளிப்போனபோது, அதன்பிறகு ஐந்து நாள் பொறியியல் விண்ணப்பத்துக்கு அவகாசம் கொடுத்தீர்கள். அதை நிரந்தர விதியாக்குங்கள். தகவல் கையேட்டில் தீவுத் தமிழ் மாணவர்க்கென்று அரைப்பக்கம் ஒதுக்கி, என்ன சான்றிதழ், யாரிடம் என்று தெளிவாக எழுதுங்கள்.

தீவு நிர்வாகத்துக்கு: ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்கு மே, ஜூன் மாதங்களில் இந்த ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை என்பது உண்மை. அதனால்தான் வேறு பணிகளிலிருந்து விலக்கிக் கேட்கிறோம். திக்லிப்பூரிலிருந்து தலைநகரம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஜிர்காடாங் வழியில் வண்டிகளைச் சேர்த்து விடும் கான்வாய் நேரம் பார்த்துத்தான் வர முடியும். கேம்ப்பெல் பேயிலிருந்து என்றால் கப்பல் டிக்கெட் கிடைக்க வேண்டும். அந்தப் பிள்ளையை ஒரு கையெழுத்துக்காக இங்கே வரவழைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பழைய சான்றிதழ்களில் பழைய பெயர் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊர்தான் என்று ஒரு பொதுக் கடிதம் கொடுத்தால், மெயின்லேண்ட் கவுன்டர்களில் எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு மிச்சம்.

பெற்றோருக்கு: மே மாதத்தில் மெயின்லேண்டிலிருந்து ஏஜென்ட்டுகள் வருகிறார்கள். நர்சிங் சீட், இன்ஜினியரிங் சீட், விடுதி இலவசம் என்கிறார்கள். படிவத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அசல் சான்றிதழை மட்டும் கொடுத்தால் போதும் என்பார்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை ஏஜென்ட்டுக்கு எங்கிருந்து வந்தது? மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் இருக்கிறது. அதன் ரகசிய எண்ணைப் பள்ளியில் கேட்டு வாங்கி, பிள்ளையின் கைப்பேசியிலேயே திறந்து வையுங்கள்.

இந்த மே, ஜூன் மாதங்களில் ஞாயிறு தோறும் காலை எங்கள் உறுப்பினர்கள் படிவ உதவிக்கு உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம் இல்லை. தட்டச்சு செய்வது பிள்ளைதான். நாங்கள் பக்கத்தில் இருப்போம். பிள்ளையின் சொந்தக் கைப்பேசியையும் சான்றிதழ்களின் நகல்களையும் எடுத்து வாருங்கள். அசலை வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டு வாருங்கள்.